வெள்ளிக்கிழமைக் குளிசை

அம்மாவின் விரல்களை மூட்டுவாதம் முடக்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. விடியற்காலையில் அவை விறைத்துக் கிடக்கும். குளிசைப் போத்தலின் மூடியைக்கூட அவரால் திருகித் திறக்க முடியாது. அப்பா முள்ளிவாய்க்கால் சண்டையோடு இல்லாமற்போனவர். ஆகவே வட்டக்கச்சி வீட்டில் அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நோவுக் குளிசை தினமும் காலையில். சின்ன மஞ்சள் குளிசை வெள்ளிக்கிழமைகளில் மட்டும். கிளினிக்கில் மருந்து தரும் தாதி, மிசி, இதைத் தெளிவாகத்தான் சொன்னார். மஞ்சள் குளிசைதான் விரலைக் காப்பாற்றும் என்றும் சொன்னார். எனக்கு அதுமட்டும் மனதில் நின்றது. அம்மாவால் பின்னிவிட முடியாததால் என் தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள்; வகுப்பில் பெண்பிள்ளையான என்னைப் பெடியன் என்று கூப்பிட்டார்கள். கிழமைக்கு ஒருநாள் போட்டே விரல் சற்று இளகுகிறதென்றால், ஒவ்வொரு நாளும் போட்டால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குள் அம்மா என் தலையைத் தொட்டு வாரிவிடுவார் என்று நினைத்தேன். மற்றக் குளிசையோடு சேர்த்து வாயில் போட்டுவிடுவேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைப் பள்ளியில் பாடமாக்கிப் பரிசுகூட வாங்கியிருந்தேன்.

இரண்டு கிழமைக்குள் அம்மாவின் வாய் முழுக்கப் புண். கஞ்சியும் இறங்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். டொக்டர் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்குக் கொடுத்த மஞ்சள் குளிசைகள் எங்கே என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் டொக்டர், மறதியில ஒவ்வொரு நாளும் போட்டிட்டன். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

எனக்கு ஏச்சு விழவில்லை. அந்த நிம்மதியில் மிசி தந்த பிஸ்கட்டை ருசித்துச் சாப்பிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் சொன்னபடி மருந்து எடுக்காத ஆளுக்கு இதைக் கொடுப்பது ஆபத்து என்று கிளினிக் கொப்பியில் எழுதி, மஞ்சள் குளிசையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடத்துக்குள் விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டன. என் தலைமயிர் வளர்ந்தது. நானே பின்னக் கற்றுக்கொண்டேன்.

அன்று யாராவது அந்தப் போத்தலை அம்மாவிடம் கொடுத்து, திறந்து காட்டச் சொல்லியிருந்தால் பொய் வெளித்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. டொக்டருக்குப் பதில் சொல்லும்போதே அம்மா இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். குளிர்கிறதாக்கும் என்று நினைத்து, நான் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன்.