பூச்சியம் தேடி ஹேவாஹெட்டைக்கு

காலை ஆறேகாலுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் ஏறினோம். என் மடியில் ஐந்தரைக் கிலோ தகரப் பெட்டி. உள்ளே ஒரு பம்ப் வெள்ளைத் தாளொன்றின் ஊடாகக் காற்றை உறிஞ்சும். கரித்துகள் படியப் படியத் தாளைக் கடக்கும் வெளிச்சம் குறையும். குறையும் வேகத்தை முள் அப்போதே காட்டும். தாளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

கலவரத்தில் கடைகள் எரிந்த நாளிலிருந்து என் மனைவிக்கு இழுப்பு. ஜன்னலை எப்போது திறக்கலாம் என்று தினமும் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லத்தான், பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்ற நானும் ரேடியோ திருத்தும் நிசாமும் மூன்று வருடமாக இதைச் செய்தோம். கரியில்லாத காற்றில் முள் எங்கே நிற்கிறதோ அதைப் பூச்சியமாகத் திருகிவைக்க வேண்டும். வீட்டிலேயே அதைச் செய்ய உதவும் வடிகட்டி யுத்தத்தில் வந்துசேரவில்லை. மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கும் கண்டியில் அப்படிப்பட்ட காற்றும் இல்லை. ஆகவே ஹேவாஹெட்டை மலை.

கண்டியில் பஸ் மாறி நான்கு மைல் போகுமுன் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டிக்குள் வயர்களைக் கண்ட சிப்பாய் இரண்டடி பின்வாங்கித் துவக்கை நிமிர்த்தினான்.

"சேர், நீங்க பேச வாணாம்," என்றார் நிசாம். என் சிங்களத்தில் யாழ்ப்பாணம் தெரியும்; சந்தேகம் கூடும். அவரே சிங்களத்தில் விளக்கி, சிப்பாயின் சிகரெட்டைக் குழாயருகே பிடிக்கச் சொன்னார். முள் துள்ளியது. சிப்பாய் சிரித்துவிட்டு மற்ற மூவரையும் கூப்பிட்டான். நால்வரும் மாறிமாறி ஊதினார்கள். பஸ் பதினெட்டு நிமிடம் நின்றது. எங்களிடமிருந்த மூன்று தாள்களில் ஒன்று போயிற்று.

பதினொரு மணிக்குத் தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பாறையில் பெட்டியை வைத்தோம். வழிகாட்டி வந்தவர் கொழுந்தெடுக்கும் ராமாயி. நிசாமிடம் ரேடியோ திருத்தக் கொடுப்பவர். காற்று குளிர்ந்திருந்தது. முள் பதினொன்றில் நின்றது. கடைசித் தாளைப் போட்டோம். மறுபடி பதினொன்று.

"அந்தப் பக்கம் ரெண்டு நாளா லயத்து வூடுங்க பொகையுதுங்க," என்றார் ராமாயி. "எரிச்சிட்டுப் போயிட்டாங்க. எந்தங்கச்சி வூடும் அதுலதான்."

தங்கச்சியும் பிள்ளைகளும் இப்போது அவருடைய ஒற்றை அறையில். வரும்போது எண்ணினேன்: ஒன்பது பேர்.

நிசாம் திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். "இதையே சைபர்னு வச்சிக்குவோம் சேர். இனி எங்க போறது?"

ராமாயி குனிந்து பார்த்தார். "பொக நின்னுருச்சுங்களா?"

"இல்லையம்மா," என்றேன். திருகாணியைப் பழையபடி திருப்பினேன். முள் பதினொன்றுக்குப் போயிற்று. நிசாம் பெட்டியை மூடினார்.

மாலை திரும்புகையில் அதே சிப்பாய் எங்களை அடையாளம் கண்டு, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே வந்தான். பெட்டியைத் திறந்தோம். முள் துள்ளியது, சிரித்தார்கள். அவ்வளவுக்கு அது பிழையில்லாமல் வேலை செய்கிறது.

வீட்டில் ஏழு ஜன்னல்கள். ஏழும் மூடித்தான் இருக்கின்றன.