உங்கள் உலாவி மிகவும் பழையது

என் மாமனாருக்குப் பழனி அடிவாரத்தில் கடை. மொட்டை போட்டு வருகிறவர்களின் தலையில் பூசச் சந்தனம், அதோடு விபூதி, கயிறு, சின்னதாகப் பித்தளை வேல். கொடைக்கானலுக்கு ஏறுகிற வழியில், பெருமாள்மலையில், சாலைக்குக் கீழே சரிவில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து வருடங்கள் ஆகியும் அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. பால் காய்ச்சிய அன்று தைப்பூசக் கூட்டம், கடையை விட்டு வர முடியாது என்றார். அப்புறம் பங்குனி உத்திரம் வந்தது. கோடை விடுமுறை வந்தது. எல்லாம் ஓய்ந்த நேரம் பார்த்து முழங்கால் வலி வந்தது.

என் மனைவி இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் முன்னறையில் வெயில் விழும் பக்கமாக ஒரு கட்டிலைப் போட்டு, அதில் யாரையும் படுக்கவிடாமல் வைத்திருந்தாள். நான் ஒருநாள் மதியம் அதில் கண்ணயர்ந்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவர் போன மாசம் ஒருநாள், "சரி, ஒரு காரைச் சொல்லு, வாரேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். காரைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

பழனியில் ஒரு வாடகைக் கார் கம்பெனி இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பதிவு செய்தால், வெளியூர் வண்டி மலையேற எடுக்கவேண்டிய அனுமதிச் சீட்டையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். சின்ன வேலைதான். போனிலேயே செய்திருக்கலாம். ஆனால் பெரிய சோலிக்குப் பெரிய திரை வேண்டும் என்பது என் கொள்கை. ரயில் டிக்கெட், கரண்ட் பில், மாமனார் எல்லாம் கணினியில்தான். அந்தக் கணினி, மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்டதை நான் ஆசைப்பட்டு வாங்கியது. அது கிளம்பும்போது வருகிற சத்தத்துக்கு, "மாவு மிஷினைப் போட்டாச்சா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்பாள்.

காலையில் டீயோடு உட்கார்ந்தேன். பயணியின் பெயர் கேட்டது, போட்டேன். வயது கேட்டது, எழுபத்து நாலு என்று போட்டேன். 'அடுத்து' என்பதை அமுக்கினேன். திரை வெள்ளையானது. நடுவில் நல்ல தமிழில் இப்படி வந்தது:

'மன்னிக்கவும். உங்கள் உலாவி மிகவும் பழையது. அனுமதிக்க இயலாது. புதிய உலாவியுடன் மீண்டும் வரவும்.'

நான் வாழ்வது கொடைக்கானல் மலையில். இங்கே உலா வருகிறவர்களை நம்பித்தான் பாதி ஊருக்குச் சோறு. ஏரியைச் சுற்றுகிறவர், பாறை விளிம்பில் நின்று படமெடுக்கிறவர், எல்லோரும் என் கணக்கில் உலாவிகள்தான். ஆகவே எனக்கு அந்த வாக்கியத்தில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வயதைப் போட்டேன், பழையது என்று சொல்லிவிட்டார்கள். புதிய உலாவிக்கு, அதாவது புதிய மாமனாருக்கு, நான் எங்கே போவேன்?

கடையில் பைப்பும் தண்ணீர்த் தொட்டியும் விற்கிறவன் நான். வருகிறவரைச் சிரிக்கவைத்தே தேவைக்கு மேல் ஒரு அளவு பெரிய தொட்டியை ஏற்றி அனுப்பிவிடுவேன். ஊரில் எனக்கு நிதானமான ஆள் என்று பெயர். அது என் காரியத்தில் ஒரு தடங்கல் வரும்வரைதான்.

வயதை அறுபதாகக் குறைத்தேன். பழையது என்றது. நாற்பத்தைந்தாக்கினேன். அதுவும் பழையது. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று என் பெயரையும் என் ஐம்பத்தொரு வயதையும் போட்டேன். 'உங்கள் உலாவி மிகவும் பழையது' என்று கொஞ்சமும் தயங்காமல் வந்தது. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. காலையில்தான் மீசைக்கு மை போட்டிருந்தேன்.

ஐம்பத்தொன்றுக்கே இந்த மரியாதை என்றால் எழுபத்து நாலுக்கு வழியே இல்லை. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கார் கம்பெனிக்குப் போன் போட்டிருப்பான். நான் மாமனாருக்குப் போட்டேன்.

"மாமா, ஒரு சின்னச் சிக்கல்."

"சொல்லுங்க மாப்ள."

"ஆன்லைன்ல உங்கள எடுத்துக்க மாட்டேங்குது. 'உங்கள் உலாவி மிகவும் பழையது'ன்னு வருது."

"உலாவின்னா?"

"உலா வாரவரு. நீங்கதான் மாமா."

கடையில் யாரோ சந்தனம் கேட்பது போனில் கேட்டது. அவர் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"பழசுன்னு என்னையவா போட்டிருக்கு?"

"ஆமா மாமா. புதுசா வேற ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லுது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அந்தச் 'சரி' நல்ல 'சரி' இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துகிற ஆள், "பெரியவரே, இந்த வாசல் இல்ல, பின்பக்கம் போங்க" என்று சொன்னதற்கு, மொய்க்கவரை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனவர் அவர். அந்த மண்டபம் இருக்கிற தெருப் பக்கமே அதற்கப்புறம் போனதில்லை.

வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் திரையைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"கம்பெனிக்குப் பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னால் என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள்.

"எங்க உலாவிய ஏத்துக்க மாட்டேங்கறீங்களேம்மா" என்றேன்.

"ஆமா சார், பழைய உலாவின்னா எடுக்காது. பாதுகாப்புக்காகத்தான்."

"அவரால யாருக்கும்மா ஆபத்து? அவரு பாட்டுக்கு ஒக்காந்து வரப்போறாரு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க வச்சிருக்கிறது எத்தனைன்னு தெரியுங்களா சார்?"

"எழுபத்து நாலு."

"அய்யய்யோ, எழுபத்து நாலு ரொம்பப் பழசு சார். இப்பல்லாம் நூறத் தாண்டிப் போயிட்டிருக்கு."

"நூறத் தாண்டினாத்தான் ஏத்துவீங்களா?"

"ஆமா சார். நூறுக்கு மேலன்னா பிரச்சினையே இல்ல."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அப்டேட் ஏதாச்சும் பண்ணிருக்கீங்களா சார்?"

"போன வருசம் வலது முழங்கால் பண்ணாச்சு. இடது பாக்கி."

அந்தப் பக்கம் மூக்கை அடைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு ஓசை. "சார், உலாவின்னா ப்ரவுசர் சார். கம்ப்யூட்டர்ல எதத் திறந்து எங்க வெப்சைட்டப் பாக்குறீங்களோ, அது. உங்களுது பழசாயிருச்சு. போன்ல திறங்க சார், வந்துரும்."

என் மனைவி தன் போனை எடுத்தாள். நான் டீத் தம்ளரை அலசி வைத்துவிட்டு வருவதற்குள் மறுநாளைக்குக் கார் பதிவாகியிருந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்கும் இடமில்லாமல் போயிற்று.

இரண்டு பேருமாக மாமனாருக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது மச்சினன்.

"போன இங்கன சார்ஜ்லயே விட்டுட்டுப் போயிட்டாருக்கா. பையத் தூக்கிட்டு வெரசாக் கெளம்பிட்டாரு."

"எங்கடா?"

"கேட்டேன். 'எவன் மறிக்கிறான்னு பாக்குறேன்'னாரு. மலைக்குப் போற பஸ்ஸுல ஏறினத பூக்கடக்காரர் பாத்தாராம்."

பேருந்தில் வருகிறவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், யாரும் மறிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் பெருமாள்மலை நிறுத்தத்தில் நின்ற நேரத்தில், அந்த முழங்காலோடு அவரை மனசுக்குள் எல்லா வளைவிலும் ஒருமுறை கீழே தள்ளிப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் நிற்க வைத்தேன். வாந்தி எடுக்க வைத்தேன். இறங்கவேண்டிய இடம் தெரியாமல் மேலே கொடைக்கானலுக்கே அனுப்பிவைத்தேன். மூடுபனி இறங்கி எதிர்க்கடை பாதி மறைந்திருந்தது. என் மனைவி கம்பளிச் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தான் போர்த்திக்கொள்ளாமல் நின்றாள்.

முதலில் வந்த பேருந்தில் அவர் இல்லை. அடுத்ததில் எல்லோரும் இறங்கியபின், கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். வேட்டி கசங்கவில்லை. நெற்றியில் சந்தனம்கூடக் கலையவில்லை. மகள் சால்வையைப் போர்த்தும்வரை நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கண்டக்டர் டிக்கெட்தான் கேட்டான். வயசு கேக்கல. உலாவி வந்துட்டாருன்னு உங்க கம்ப்யூட்டர்ல போட்டுருங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு இறங்குகிற பாதையில், அவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தபோது, மெதுவாகச் சொன்னேன். "மாமா, அது உங்களச் சொல்லல. கம்ப்யூட்டர்லயே ஒரு சாமான் இருக்கு. அதுக்குப் பேருதான் உலாவி. அதுதான் பழசாம்."

நின்றுவிட்டார். "அப்ப நான் இல்ல?"

"இல்ல மாமா."

"அந்தக் கம்ப்யூட்டர யாரு வாங்குனது?"

"நான்தான்."

"அதான பாத்தேன்" என்று மறுபடி நடந்தார்.

வீட்டை முழுசாகச் சுற்றிப் பார்த்தார். என் கடைக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். ஒன்று சொட்டுகிறது என்றார்; அது உண்மைதான். சாப்பிட்டபின் அந்தக் கட்டிலில் வெயில் பார்த்துப் படுத்துக்கொண்டு மகளிடம் சொன்னது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது.

"காரு வந்து நின்னிருந்தா, கடையில சோலி கெடக்குன்னு இந்தத் தடவையும் தட்டிவிட்டிருப்பேன்த்தா. பழசுன்னு சொன்னதுல ஒரு கோவம் வந்துச்சு பாரு."

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாளைக்குச் சொல்லியிருந்த காருக்கு மட்டும் போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னாள்.

ஒருநாள் தங்கப் போகிறேன் என்று வந்தவர் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தார். தினமும் வெள்ளனே எழுந்து, என் குரங்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு, மேலே டீக்கடைக்குக் கிளம்புவார். போகும்போது நான் படுத்திருக்கிற ஜன்னலை ஒரு தட்டுத் தட்டுவார்.

"மாப்ள, உலாவி புதுப்பிச்சுக்கப் போகுது. நீங்க படுத்திருங்க."