கெங்கம்மாவின் கப்பல் பயணம்

புளியந்தோப்பு கெங்கம்மாவுக்குக் கப்பலோடு பதினோரு வருடப் பழக்கம். அத்தனை வருடமும் கப்பலுக்குக் கீழே தரையைக் கூட்டியிருக்கிறார். மேலே ஏறியதில்லை. மேலே ஏறுகிற பாஸ் வேறு நிறம்.

எண்ணூருக்கு வடக்கே ஒரு தளத்தில் உல்லாசக் கப்பல் கட்டுகிறார்கள். இரும்பைத் துண்டு துண்டாகச் செய்து, கிரேனில் தூக்கி, ஒட்டிவிடுகிறார்கள். பயணிகள் அறையும் அப்படித்தான். கட்டில், கண்ணாடி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே பொருத்திய பெட்டியாக வந்து கப்பலுக்குள் நுழையும். மொத்தம் நானூறு பெட்டி. அதற்கு முன் மாதிரிக்கு ஒன்று செய்து ஷெட்டில் வைத்து, கப்பலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடம் சம்மதம் வாங்க வேண்டும்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு விபரீத ஆசை. இதுவரை கப்பலில் ஏறாத ஒருவர் காலையிலிருந்து மாலை வரை மாதிரி அறையில் பயணியாக இருக்க வேண்டும். மறுநாள் காலை அவர்கள் முன்னால் அறுபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸில் ஒருவரும் தேறவில்லை. எல்லோரும் கம்பெனி செலவில் கப்பலேறி உலகம் சுற்றியவர்கள். அறையை வடிவமைத்த நாகர்கோவில் பெண் ஷெர்லின், துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்த கெங்கம்மாவைக் கூப்பிட்டாள்.

கெங்கம்மாவின் கவலை வேறு. இரண்டு வருடத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்பது சட்டம். துப்புரவு கான்ட்ராக்டர் ராமசுப்புவுக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். யாராவது அந்த எண்ணை நெருங்கினால் அவர்கள் உடம்பின்மேல் அவருக்கு அக்கறை வந்துவிடும். ஆறு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். கெங்கம்மாவுக்கு நான்கு முறை அந்த அக்கறை கிடைத்திருக்கிறது. இந்த முறை அவர் ஊருக்குக் கோயில் கொடை விழாவுக்குப் போய்விட்டதால் கவனிக்கவில்லை. கெங்கம்மா மாதிரி அறைக்குள் போன அன்று நானூற்றெண்பதாவது நாள்.

அன்று முழுக்க அவர் பயணியாக இருந்தார். மெத்தையில் உட்கார்ந்தார். பால்கனியில் நின்று எதிரே இருந்த ஷெட் சுவரைக் கடல் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கச் சொல்லிப் படிவத்திலேயே போட்டிருந்தது. கை சும்மா இருக்க மாட்டாமல் குளியலறையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றியும் பார்த்தார்.

மறுநாள் காலை ராமசுப்பு திரும்பியிருந்தார். ரிஜிஸ்டரில் நேற்றைய தேதியில் கெங்கம்மா ஆப்சென்ட். நேற்று நீ வேலை செய்யவில்லை, பயணியாகத்தானே இருந்தாய், அதற்குக் காகிதமே இருக்கிறது என்று அவர் விளக்கினார். நியாயமான மனிதர். முகம் வாடியிருக்கிறது, ஆறு மாதம் ஓய்வெடு என்றும் சொன்னார்.

கெங்கம்மா கத்தவில்லை. நேராக மாதிரி அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். வெளிநாட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஷெர்லின் படிவத்தோடு ஓடி வந்தாள், பின்னாலேயே ராமசுப்பு.

"கையெழுத்துப் போடும்மா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ" என்றார் ராமசுப்பு.

"நேத்து நான் யாரு சார்? வேலக்காரின்னா நாள் போடு. பாசஞ்சருன்னா, பாத்ரூம் தண்ணி ஓட்டைக்குப் போவாம கட்டிலாண்ட வருதுன்னு எழுதிட்டுப் போய்கினே இருப்பேன்."

ஷெர்லின் ஒரு மக் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் வாசலைத் தாண்டி நிதானமாகக் கட்டிலுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் மூன்று வருடமாக அந்தத் தரை ஒழுங்காகத்தான் சாய்ந்திருந்தது. நானூறு தரைக்கும் ஆர்டர் போட்டாயிற்று. அவள் ராமசுப்புவைப் பார்த்த பார்வையில், ரிஜிஸ்டர் தானாகவே வந்து சேர்ந்தது.

ஆப்சென்ட்டை அடித்துவிட்டு, பணியில் இருந்தார் என்று எழுதி ராமசுப்பு சீல் வைத்தார். கெங்கம்மா அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு படிவத்தை வாங்கி, குறைகள் என்ற கட்டத்தில், தண்ணீர் கட்டிலுக்கு வருகிறது என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராமசுப்புவின் முகம் கறுத்துவிட்டது.

"அதான் நாள் போட்டாச்சுல்லா? பெறகு ஏன் எழுதுத?"

"நானூறு ரூமு சார். எவளோ ஒருத்தி தெனிக்கும் முட்டி போட்டுத் தொடைக்கணும். அவளுக்கு எவன் நாள் போடப்போறானோ."