ஜீவனாம்சமாக வந்த மேசை

மகளுக்கான அந்த மாத ஜீவனாம்சம் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வேன் ரிக்‌ஷாவில் வந்தது. தேக்கில் செய்த படிப்பு மேசை. ஒரு சிற்றரசருக்குப் போதுமான அகலம். சுமந்து வந்தவர்கள் மூன்றாம் மாடிவரை ஏற்றிவிட்டார்கள். என் வாசல்தான் அதை ஏற்க மறுத்தது. குறுக்கே, நெடுக்கே, தலைகீழாக எல்லாம் முயன்றபின் படிக்கட்டுத் திருப்பத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

நானும் என் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். மகளுக்கான தொகையை மாதந்தோறும் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. வீட்டு வாடகை அதை நம்பித்தான் இருந்தது. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் இருந்தவரை, மேசையருகே நின்றபடியே, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

"மேஜை வந்துதா? எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு. பணம்தான் வரலை."

"அதான் மேஜை வந்துடுத்தே! இந்த மாசத்துல கழிச்சுக்கோ."

"வீட்டுக்காரர் வாடகை கேட்டா? ஒரு டிராயரை உருவிக் குடுக்கட்டுமா?"

மேசை வழியை அடைத்திருந்ததால், ஏற வேண்டியவர்களும் இறங்க வேண்டியவர்களும் அதன் இருபுறமும் கூடியிருந்தனர். நாங்கள் பேசியது தமிழ். ஆனால் மேசைமேல் கொலுவிருந்த மகள் அதை வரிக்கு வரி வங்காளத்தில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

"மேஜைய வேக வெச்சா சாப்பிடுவீங்க?" என்று, நாங்கள் பௌதி (அண்ணி) என்று அழைக்கும் எதிர்வீட்டு அம்மாள் கொதித்தார். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வழக்கறிஞர், மாடிக்கு மாடி மூச்சு வாங்கியபடி, அழைக்காமலே வந்து சேர்ந்தார்.

மாலையில் கணவர் ஸ்குரூடிரைவரோடு படியேறி வந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கமே வகையாக மாட்டிக்கொண்டார். வழக்கறிஞர் மேசையைத் தட்டினார்.

"ஸ்கூல் ஃபீஸ் மாதிரி ஒண்ணை நீ நேரா கட்டறதுன்னா, ரெண்டு பேரும் முன்னாடியே எழுதி ஒத்துக்கிட்டு கோர்ட்லயும் பதிவு பண்ணுங்க. அப்போ அது கணக்குல சேரும். கேக்காம அனுப்பின மேஜை வெறும் அன்பளிப்பு, பாபா."

மகளின் முகம் சுருங்கியது. "அப்பா, கணக்குல சேரலைன்னு மேஜையத் திருப்பி எடுத்துண்டு போயிடமாட்டியே?"

அவர் அவளைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். மேசைமேலேயே கைப்பேசியை வைத்து எதையோ அழுத்தினார். என் கைப்பேசி ஒலித்தது. முழுத் தொகையும் வந்திருந்தது. பௌதி கல்யாண வீட்டைப்போல நாக்கைச் சுழற்றி உலுத்வனி என்னும் குலவை எழுப்ப, மேல்வீட்டிலிருந்து யாரோ மங்கலச் சங்கே ஊதிவிட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் கதவைக் கீலிலிருந்து கழற்றினோம். புது மருமகளை வரவேற்கும் ஆரவாரத்தோடு, வெளியிலிருந்து அவரும் உள்ளிருந்து நானும் தூக்க, மேசை நுழைந்தது.

"உங்க பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்குங்கோ."

"தூக்கிண்டுதானே இருக்கேன்!"

சண்டையில்லாமல் நாங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இப்போது பள்ளிக் கட்டணத்தை, எழுதி ஒப்புக்கொண்டபடி, அவரே நேரடியாகக் கட்டுகிறார்; அது மாதத் தொகையில் கழிகிறது. மற்ற எதை வாங்கும் முன்பும் கடையிலிருந்தே அழைத்துவிடுகிறார்.

"இது கழியுமா, கழியாதா?"

"கழியாது."

"சரி, வாசல்ல நுழையுமா?"