ஒட்டுப் போடாத கல்

கஸ்தூரி போன் செய்தபோது என் கடையில் கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா சொல்ற, கேக்கலியே" என்று நான் கத்த, பதிலுக்கு அவரும் கத்த, கடைசியில் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ரோஸ்மேரி அக்கா பூட்டாங்க பாய்" என்றார். காலையில் சாப்பாட்டு ஆர்டரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். மெஷின் நின்ற பிறகும் குழாய்த் தண்ணீர் கல்லின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ராயபுரத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், நிக்காஹ் என்று எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனவராக இருந்தாலும் நீங்கள் ரோஸ்மேரி அக்காவின் மீன் குழம்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தக் கைப்பக்குவத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் கல் விற்கிறவன். எனக்கு அவர் பழக்கமானது அவர் வீட்டுச் சமையல் மேடையால். அதனால் அதைத்தான் சொல்லப் போகிறேன். அழுதுகொண்டே எழுதவும் மாட்டேன். எழுதினால், "இன்னாத்துக்கு மூக்கச் சிந்திகினு கீற?" என்று அங்கிருந்தே அதட்டுவார்.

முதன்முதலாக அவர் என் கடைக்கு வந்தது ஒரு வெள்ளைக் கல்லைத் தேடி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. சமையலறையில் இருந்த பழைய கடப்பாக் கல் நடுவில் பிளந்து கிடந்தது. அவரோடு வேலை செய்த மூன்று பெண்கள் தரையில் குந்தியபடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மார்பிள்தான் வேண்டும் என்றார். புளியும் எலுமிச்சையும் புழங்குகிற இடத்துக்கு மார்பிள் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"எங்க மாதா கோயில்ல பீடம் வெள்ள மார்பிளு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கீது. ஒரு கறை கீதா அதுல? நீ சொம்மா பயமுறுத்தாத பாய்."

பீடத்தையே சாட்சிக்கு இழுத்துவிட்டார். அடுப்புப் பக்கத்துக்கு மட்டும் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள் என்று கொடுத்தனுப்பினேன். சில நாளிலேயே திரும்பி வந்தார். புளித்தண்ணீர் சொட்டிய இடமெல்லாம் பளபளப்பு போய், வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டதாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பீடத்துல யாரும் புளி கரைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாய்!" அந்தத் துண்டு அப்புறம் அவர் வீட்டு முன்னறையில் மாதா சுரூபத்தின் அடியில் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் குவார்ட்ஸைட் என்கிற கல்லைக் காட்டினேன். மார்பிள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கல். அதனால்தான் புளிப்பு அதை அரிக்கிறது. குவார்ட்ஸைட் ஒரு காலத்தில் மணற்கல். பூமிக்கு அடியில் சூட்டிலும் பாரத்திலும் கிடந்து வெந்து இறுகியது. புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் சொன்னபோது அவர் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இதுவும் நம்ம கணக்கா அடுப்புல நின்ன ஆளுதான்னு சொல்லு" என்றார். இப்போது என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற விளக்கமே அதுதான்.

ஆனால் குவார்ட்ஸைட் என்று பெயர் ஒட்டி வருவதெல்லாம் குவார்ட்ஸைட் இல்லை. ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அக்கா ஒரு பாட்டில் நிறையப் புளிக் கரைசலே கொண்டுவந்துவிட்டார். கடையில் அந்தப் பெயரில் நின்ற கல் ஒவ்வொன்றின் மேலும் அதைத் தடவிவிட்டு, உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு துடைத்துப் பார்த்தால், நான் நம்பி வாங்கி வைத்திருந்த ஒரு கல்லில் மங்கலாக ஒரு வளையம். "உன் கல்லு பொய் பேசுது பாய்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கடையில் நின்ற இரண்டு பேர் மெதுவாக நழுவிப் போனார்கள். எனக்கு ஒரே பேஜாராகிவிட்டது. ஆனால் பச்சையும் சாம்பலும் கலந்து, அலை அலையாகக் கோடு ஓடிய ஒரு கல் அசையாமல் நின்றது. "இதான் என் கல்லு" என்றார்.

கல் முடிவானதும் சண்டை ஆரம்பமானது. பன்னிரண்டு அடிக் கல் அந்தக் குறுகலான மாடிப்படியில் திரும்பாது. இரண்டாக அறுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். ஒரேயடியாக மறுத்தார். "ஒட்டுல மீன் தண்ணி எறங்கி கலீஜாயிடும். அதுவும் இல்லாம, குந்திகினு குந்திகினு இவளுங்க முட்டியே பூட்ச்சி. நாங்க நாலு பேரும் ஒரே கல்லுல நின்னு வேல செய்யணும் பாய். எனக்கு அதைப் பாக்கணும்." வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி ஏற்றுவது என்று முடிவானது. உடைந்தால் அதே கல் மறுபடி கிடைக்காது. அதை விடப் பெரிய வம்பு, பழைய மேடையை அவர் முதல் நாளே இடித்துத் தள்ளிவிட்டார். கல் ஏறாவிட்டால் சமையலறை இல்லை. தொழிலும் இல்லை.

அவர் கணவர் சேவியர் அண்ணன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். அக்கா பேசுகிற வீட்டில் அவருக்குப் பேச வாய்ப்பு குறைவு. பழைய தோஸ்துகளைக் கூட்டிவந்து, மொட்டை மாடியில் கப்பியை மாட்டி, மரச்சட்டத்துக்குள் கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டினார். சிங்க்குக்கான ஓட்டையை மேலே போன பிறகுதான் வெட்டுவேன் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஓட்டை போட்ட கல் அந்த இடத்தில்தான் முதலில் உடையும்.

இரண்டாவது மாடியில் கஸ்தூரி. ஆமாம், எனக்குப் போன் செய்த அதே கஸ்தூரிதான். அக்கா வீட்டுச் சமையலறைத் தண்ணீர் தன் வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்று இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருடக்கணக்காகியிருந்தது. "என் தலை மேல வுழுந்தா எவன் பதில் சொல்லுவான்?" என்று தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடிந்ததும் ஏற்றியிருக்க வேண்டும். அன்றைய சாப்பாட்டை ஓர் உறவினர் வீட்டில் சமைத்து, அது வண்டியில் போன பிறகுதான் கல்லைத் தொட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். அதற்குள் கடற்காற்று கிளம்பிவிட்டது. கல் இரண்டாவது மாடி உயரத்துக்குப் போனதும் சட்டம் சுழன்றது. ஒரு முனை கஸ்தூரி வீட்டு பால்கனிச் சுவரை உரசிவிட்டு விலகியது. சேவியர் அண்ணன் முஷ்டியை உயர்த்தினார். துறைமுகத்தில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். இன்னொரு முறை இடித்தால் விரிசல் கல் முழுவதும் ஓடிவிடும். அண்ணாந்து பார்த்தேன். மேலே அக்கா பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவரை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போது கஸ்தூரி வீட்டுக் கதவு திறந்தது. தன் இலவம்பஞ்சு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து பால்கனிச் சுவரின் மேல் தொங்கப் போட்டார். காற்று தள்ளிய கல் பொத்தென்று மெத்தையில் வந்து சாய்ந்தது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"யக்கா! நான் புட்ச்சிகினேன்! இஸ்க்கச் சொல்லு!"

அக்காவுக்குக் குரல் திரும்பி வந்தது. "இஸ்துடா நைனா! இஸ்து!" அண்ணனின் முஷ்டி திறந்து, ஏற்று என்று கட்டை விரல் மேலே நீண்டது. கல் ஏறியது. மூன்றாவது மாடிச் சுவரைத் தாண்டி, ஒரு கீறல் இல்லாமல் உள்ளே போனது. தெருவே கை தட்டியது. நான் எத்தனையோ வீட்டில் கல் பதித்தவன். ஒரு கல்லுக்கு விசில் அடித்துக் கேட்டது அன்றுதான். நானும் அடித்தேன். அன்று மாலை மாடியிலிருந்து இறங்கிவந்த அக்கா கஸ்தூரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒழுகலைச் சரி செய்த பிறகுதான் மேடையில் முதல் குழம்பு கொதித்தது. அந்த வாரமே கஸ்தூரியும் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் நடக்க இருந்த ஒரு ஞானஸ்நான விருந்துக்கு அவர் முன்பே ஆர்டர் எடுத்திருந்தார். ரத்தாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அன்று துக்கம் கேட்கப் போனேன். தெருமுனையிலேயே மீன் குழம்பு வாசனை வந்தது. மாடியேறிப் பார்த்தால் நாலு பெண்களும் அந்த ஒரே கல்லில் வரிசையாக நிற்கிறார்கள். அடுப்புப் பக்கம், அக்கா நிற்கிற இடத்தில், கஸ்தூரி. கண் வீங்கியிருந்தது, கரண்டி நிற்கவில்லை. "அக்கா வாங்கின ஆர்டரு பாய். என்னிக்கினா தவறிகீதா?" என்றார். சேவியர் அண்ணன் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டை விரலை மேலே நீட்டினார்.

என்னிடம் இருப்பது, சிங்க்குக்காக அன்று நான் வெட்டியெடுத்த துண்டு. "உன் மேசைல போட்டுக்க. எவனாவது உன்னாண்ட பொய்க் கல்லு வித்தா இதைக் காட்டு" என்று கொடுத்தார். என் டீ டம்ளர் அதன் மேல்தான் இருக்கும். பக்கத்தில் அவர் வைத்துவிட்டுப் போன பழக்கம், ஒரு பாட்டில் புளிக் கரைசல். நேற்றும் அந்தக் கல்லில் ஊற்றி, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை விட்டுத் துடைத்தேன். ஒரு தடமும் இல்லை அக்கா.