திண்டிவனத்துக்கு விற்கப் போன வண்டி

வண்டியை விற்றுவிடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்த விஷயம் எனக்குத் தம்பி மூலமாகத்தான் தெரிந்தது. திண்டிவனத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய்க் காட்டப் போகிறார் என்று போனில் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாம்பாரில் உப்பே போடவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான்.

வண்டி என்றால் டீசல் பிக்கப். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அவர் பெயர், ஓட்டுவது நான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கத் தெரியும். விழுப்புரத்தைச் சுற்றி மல்லாட்டை என்று நாங்கள் சொல்லுகிற வேர்க்கடலை மூட்டை, கல்யாண வீட்டு நாற்காலி, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு போவேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நடவு நடுகிற பெண்கள் நிமிர்ந்து, "ஏய், பொம்பள ஓட்டிக்கினு போவுது பாரு" என்று ஒருத்திக்கொருத்தி காட்டுவார்கள். அதற்காகவே தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடிப்பேன். எனக்கு அந்த வண்டி அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் சில மாதமாக அதற்கு ஒரு வியாதி. ஊருக்குள் நன்றாக ஓடும். ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முனகும், பிறகு நின்றுவிடும். உடனே அவர் இறங்கிப் போவார். டீசல் காட்டுகிற மீட்டர் எப்போதோ செத்துவிட்டதால் டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். டீசல் இருக்கும். மூடிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிடுவார். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். தன் வேண்டுதலால்தான் ஓடுகிறது என்று அவர் நம்பினார். வேண்டுதல் அடிக்கடி தேவைப்பட்டதால்தான் விற்கிற யோசனையும் வந்தது.

கண்டமங்கலத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிற என் தம்பி பார்க்காத வைத்தியம் இல்லை. ஃபில்டரை மாற்றினான், டீசலில் சேர்ந்த தண்ணீரை வடித்தான், குழாயில் காற்று ஏறுகிறதா என்று பார்த்தான். இஞ்சின் பம்புக்கு வருகிற டீசலில் பிரஷர் குறைகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஷெட்டுக்கு வந்தால் சரியாகக் காட்டுகிறது என்று தலையைச் சொறிந்தான். டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கிளம்பினோம். வழியிலேயே நோயைப் பிடித்துவிடலாம் என்று தம்பி ஒரு பிரஷர் மீட்டரைக் கொண்டுவந்திருந்தான். அதை டீசல் குழாயில் மாட்டி, நீளமான டியூபை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை முன் கண்ணாடியில் என் முகத்துக்கு நேராக டேப் போட்டு ஒட்டினான். முள் எதற்குக் கீழே இறங்கக் கூடாதோ அங்கே என் நெயில் பாலிஷால் ஒரு கோடு. குளுக்கோஸ் ஏற்றின பேஷண்ட் மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் எவன் வாங்குவான் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் தடுக்கவில்லை. கோளாறை மறைத்து விற்பது பாவம் என்பது அவர் கட்சி. கோளாறு போய்விட்டால் விற்கவே வேண்டாமே என்பது என் கட்சி. ஆக, ஒரே வியாதியைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் எதிரெதிர் ஆசையோடு உட்கார்ந்திருந்தோம். நடுவில் தம்பி, கதவோரம் அவர்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை முள் அசையவில்லை. பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. கோட்டைத் தொட்டது, கோட்டுக்கும் கீழே போனது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் வண்டி முனக ஆரம்பித்தது. ஓரம் கட்டினேன், ஆனால் முள் என்ன ஆகிறது என்று பார்க்க இஞ்சினை அணைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல இறங்கிப் போய் டேங்கைத் திறந்தார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். முள் துள்ளி எழுந்து கோட்டுக்கு மேலே போய் நின்றது. முனகிக்கொண்டிருந்த இஞ்சின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒழுங்காகப் பாட ஆரம்பித்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றான் தம்பி.

"ஒண்ணும் ஆவல. உங்க மாமா மூடியைத் தொறந்தாரு."

தம்பி குதித்து இறங்கி ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். மூடியை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் மூடியே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளி தவறாமல் வண்டிக்குப் பூஜை போடுகிறவர். பானட், ஸ்டியரிங், சக்கரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டேங்க் மூடிக்கு மட்டும் தனி கவனிப்பு, வண்டிக்குச் சோறு போகிற வாய் அதுதானாம். பழசைத் துடைப்பது அபசகுனம் என்று அதன்மேலேயே அப்பி அப்பி, அடை கனத்துக்கு ஏறிப்போயிருந்தது. உள்ளே இருக்கிற டீசல் குறையக் குறைய வெளிக்காற்று புகுவதற்காக மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அந்தச் சந்தனத்துக்குள் சமாதியாகிவிட்டது. காற்று போகாத டேங்கிலிருந்து டீசலை இழுக்க முடியாமல் பம்பு திணறியிருக்கிறது. நின்ற இடத்தில் எல்லாம் அவரே திறந்து காற்று விட்டு, அவரே கும்பிட்டு, அவரே மூடியிருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த குடும்பம் நாங்கள்.

"மாமா, வண்டியோட மூக்கைப் பொத்திட்டு பூஜை பண்ணியிருக்கீங்க" என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சர்வீஸ் ரோட்டில் டீசல் வாசனைக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டேன். தம்பிக்கும் கண்ணில் தண்ணீர். அவருக்கு அசடு வழிந்தது. மெதுவாகத் தோள் துண்டால் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார், துடைக்கத் துடைக்கச் சிவப்பும் மஞ்சளுமாக உதிர்ந்தது. "சாமி மன்னிச்சிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தம்பி ஓட்டையில் ஒரு கம்பியை விட்டு எடுத்தான்.

அப்புறம் ஓட்டினேன் பாருங்கள். முள் ஆடவில்லை, அசையவில்லை. மயிலம் பிரிகிற ரோட்டைத் தாண்டும்போது நான் பாடவே ஆரம்பித்துவிட்டேன். தம்பி டேஷ்போர்டில் தாளம் போட்டான்.

"நல்லதாப் போச்சு. இப்ப நல்ல மனசோட குடுக்கலாம்" என்றார் அவர்.

பாட்டு நின்றது. வண்டி குணமானதால்தான் விற்கப் போகிறாரா? வாக்குக் கொடுத்தவர் அவர், மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடியில் மறுபடி சந்தனம் அப்பலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன், சத்தியமாக.

திண்டிவனத்தில் வாங்குகிறவர் தயாராக நின்றிருந்தார். கண்ணாடியிலிருந்து மீட்டரைக் கழற்றியபடியே தம்பி நடந்ததைச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு வண்டியை பைபாஸ்வரை ஓட்டிப்பார்த்தார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சந்தோஷம். இறங்கினவர் என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் ஓட்றீங்களாம்மா? குடுக்கறதுல உங்களுக்குச் சம்மதந்தானே?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்க வந்தது, கண்ணில் தண்ணீரோடு வந்தது. வாங்க வந்தவர் பயந்து ஓரடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வாங்க வந்தவரிடம் திரும்பினார்.

"அவ இப்படிச் சிரிச்சா, இல்லன்னு அர்த்தங்க. கேக்காம வாக்கு குடுத்தது என் தப்பு."

வாங்க வந்தவர் சாவியைத் திருப்பி நீட்டினார். என் வீட்டுக்காரர் அதை வாங்கவில்லை, என் பக்கம் கை காட்டினார்.