வாட்டம் விடாத தரை

எங்கள் சமையலறை எட்டடிக்கு ஆறடி. அதை இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் பிளான் போடுவது என் வேலை என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் வைப்பதோடு சரி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் நிற்கிற இடம் காய்ந்திருக்க வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் தை மாதம் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் மழை வரும்வரை எங்கள் கால் உப்புத் தண்ணீரில்தான். குதிகாலெல்லாம் வெடிப்பு, விரலிடுக்கில் புண். பழைய சமையலறையில் தொட்டி அடுப்பை ஒட்டியே இருந்தது. அரிசி கழுவினாலும் தட்டு கழுவினாலும் தண்ணீர் என் காலடிக்கு வந்துவிடும். வெடிப்பில் ஈரம் பட்டால் உயிர் போகும். பகலெல்லாம் ஊறிய கால் சோறு வடிக்கவும் ஊற வேண்டுமா?

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும், உப்பளத்து மேட்டில் மண்வெட்டி முனையால் சமையலறையை முழு அளவில் கீறினேன். கூட வேலை செய்கிற பெண்களைச் சாமான்களாக நிறுத்தினேன். ஒருத்தி ஃபிரிட்ஜ், ஒருத்தி சிலிண்டர். காலி டிபன் பாக்ஸைக் குக்கராகப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். ஃபிரிட்ஜ் இரண்டு முறை என்னை இடித்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுடி."

"முடியாது. பிளக்கு இங்கதான் இருக்குது."

மூன்றாவது தடவை எல்லாம் பொருந்தியது. தொட்டி பின்கதவு ஓரம், அடுப்பு எதிர்மூலை, நடுவில் மேடை. எந்த இன்ஜினியரும் இதைவிட நன்றாகப் போட்டிருக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

கூனிமேட்டு மேஸ்திரி போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். "சிங்க்கும் ஸ்டவ்வும் பக்கத்துல இருந்தாதான்கா ஈஸி."

"யாருக்கு பாய் ஈஸி? உங்களுக்கு பைப்பு மிச்சம். எனக்குக் கால் போயிடும்."

அவர் சிரித்துவிட்டு நான் சொன்னபடியே கட்டினார். தரை போடும் நாளில்தான் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிமென்ட் பின்கதவுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. பாத்தி ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், இன்னொரு பக்கம் வெறும் சேறு தெரியும், உப்பு சரியாக விளையாது. மட்டம் பார்க்க உப்பளத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னா பாய், தரை இப்படி சாஞ்சி கெடக்குது?"

"வாட்டம்கா. தண்ணி ஓடணும்ல?"

"மட்டமா போடுங்க. எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"இன்னாக்கா, சமையல் ரூம்ல உப்பா எடுக்கப் போறீங்க?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று, தரையைத் திருத்தும்வரை நகரவில்லை. அவர் ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நட்ட நடுவில் நின்றது. ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பால் காய்ச்சிவிட்டுத் தரையைக் கழுவினேன். தண்ணீர் சுவருக்குச் சுவர் ஒரே சீராகப் பரவி, எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே நின்றது. பாத்தியாக இருந்தால் அருமையான பாத்தி. என் கால் அதன் நடுவில் இருந்தது. "புதுத் தரை, போகப் போக சரியாயிடும்," என்றேன். வீட்டுக்காரர் தண்ணீரையும் பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

தினமும் காலையில் அவசரமாகப் பாத்திரம் கழுவிவிட்டு ஓடுவேன். தரையில் தண்ணீர் நிற்கும். மாலையில் வந்தால் காய்ந்திருக்கும். வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன, நான் போட்ட மட்டத்தில் தப்பில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உப்பளத்துக்காரிக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஒரு நாள் மேகம் கட்டியதால் வேலை முன்னாலேயே முடிந்தது. வீட்டுக்குள் நுழைந்தேன். வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உப்பு வாருகிற பலகையால் தண்ணீரைப் பின்கதவு வழியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அறைக்குள் திருப்ப முடியாத நீளம் என்று அதன் கைப்பிடியைப் பாதியாக அறுத்திருந்தார். விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்ப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் போடுகிறவர், எனக்கு முன்னால் வீடு வந்துவிடுவார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"நீ வர்றதுக்குள்ள தள்ளி உட்டுறலாம்னு."

"தெனமுமா?"

"மட்டம் சுத்தமா இருக்குது. அதுல கொறை சொல்ல முடியாது," என்றார்.

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் கால் தண்ணீரில் இருந்தது. என் காலைப்போலவே வெடித்த கால். வீட்டில் புண்பட்ட கால்கள் நான்கு, நான் பிளான் போட்டது இரண்டுக்கு.

மேஸ்திரிக்கு போன் போட்டேன். "பாய், தரையை ஒடச்சி வாட்டம் உட்டுக் குடுங்க. தப்பு என்னுதுதான்." மூன்று நாளில் வருவதாகச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் பலகையை நான் பிடித்தேன். அவரைப் பின்வாசலில் உட்காரவைத்து, கால்களை வெயிலில் நீட்டச் சொன்னேன்.